லோ எட்டு, ஹை நாலு

ஆனி 16, திங்கள்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. காலை ஆறு மணிக்கே முதுகு வியர்வை. முற்றம் முழுக்க வேப்பஞ்சருகு. கூட்டவில்லை.

மகள் நிலா மெல்பேணிலிருந்து அனுப்பிய ஸ்லோ குக்கரை இன்று பெட்டியிலிருந்து எடுத்தேன். அவளுடைய சிநேகிதி கொண்டுவந்து தந்து மூன்று நாளாக மேசையில் கிடந்தது. பிளக் நமது ஓட்டைக்குப் பொருந்தாது. காத்தான்குடிக்குப் போய் அடப்டர் வாங்கினேன்.

கறுப்பு உடம்பு. உள்ளே பாரமான பீங்கான் சட்டி. கண்ணாடி மூடி. முன்னால் ஒரே ஒரு திருகுகட்டை: லோ, ஹை, வார்ம். நெருப்பில்லை, சத்தமில்லை. ஆறு பேர் சாப்பிடக் காணும். நான் ஒருத்தன்.

நிலாவின் குரல் செய்தி: "அப்பா, வேலைக்குப் போகக்குள்ள போட்டுட்டுப் போங்க. வரக்குள்ள கறி ரெடி. லோவில எட்டு மணித்தியாலம், இல்லாட்டி ஹையில நாலு. மூடியத் திறக்காதீங்க. ஒருக்காத் திறந்தா அரை மணித்தியாலம் வீணாப் போயிரும்."

நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். சமைக்க ஆள் வரப்போகிற வீட்டுக்கு இப்படிச் சாமான் அனுப்புவார்களா?

மனைவி சாந்தி நிலாவின் பேறு பார்க்கப் போனது மாசியில். கண்ணகி அம்மன் குளிர்த்திக்கு வந்துவிடுவேன் என்றாள். குளிர்த்தி போன கிழமை முடிந்தது. இப்போது டிக்கெட் ஆனி 30. (சாந்தியை இனி சா. என்று எழுதுகிறேன். முழுப்பெயர் எழுதினால் பேனா நின்றுவிடுகிறது.)

ஆனி 17, செவ்வாய்

முதல் கறி. கோழி, உருளைக்கிழங்கு, தூள், உப்பு, தேங்காய் முதற்பால் எல்லாம் ஒன்றாகப் போட்டு லோவில் வைத்துவிட்டு ஆறே முக்காலுக்கு பஸ். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து ஸ்டோர்ஸில் நாள் முழுக்க இதே நினைப்பு. வீடு எரிந்திருக்குமோ?

எரியவில்லை. மூடியைத் திறந்தால் எலும்பு இருக்கிறது, கோழியைக் காணவில்லை. எல்லாம் கரைந்து நாராய்க் கிடக்கிறது. பால் திரைந்து மேலே எண்ணெய், கீழே தண்ணீர். லோ எட்டு என்றாளே! நான் வைத்தது பத்து. இரண்டு மணித்தியாலத்துக்கு இவ்வளவா?

பாணோடு தின்றேன். மிச்சம் ஐந்து பேருக்கு.

ஆனி 18, புதன்

பாடம்: முதற்பால் கடைசியில், வேலையால் வந்த பிறகு. கிழங்கு அடியில். இது சா.வுக்குத் தெரிந்த விசயம்தான். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் "பார்த்தீங்களா" என்பாள்.

இன்று துண்டு பெரிதாக. லோ.

மாலை: மறுபடியும் கூழ்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கமலா மச்சாள், "என்ன மச்சான், கோழி வாசமா வருது?" கேலி. சா.வின் மூத்த அக்கா. இந்த வளவு முழுக்க அவர்களுடைய தாய்வழிக் காணி. கிழக்கே மச்சாள் வீடு, இது எங்கள் வீடு. எங்கள் வீடு என்று பழக்கத்தில் எழுதுகிறேன். சா.வுக்குச் சீதனமாகக் கட்டிக்கொடுத்தது. நான் மாங்கேணியிலிருந்து ஒரு ட்ரங்குப் பெட்டியோடு மாப்பிள்ளையாக வந்தவன். அவள் இருக்கும்வரை இது எனக்கு ஞாபகம் வந்ததே இல்லை. இப்போது கதவைத் திறக்கும்போதெல்லாம் வருகிறது. அவள் இல்லாத வீட்டில் நான் யார்?

சா. போன முதல் கிழமை மச்சாள் மூன்று அடுக்குக் கரியரில் சோறு அனுப்பினார். "எனக்குச் சமைக்கத் தெரியும்" என்று திருப்பி அனுப்பினேன். சாப்பாடு நல்ல வாசம். அதற்குப் பிறகு அனுப்பவில்லை.

ஆனி 19, வியாழன்

நஜீமிடம் சொன்னேன். ஏறாவூர்க்காரன், லாப் டெக்னீஷியன், எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பான்.

"அண்ணன், இது வோல்ட்டேஜ்ட வேல. பகல்ல கூட, பொழுதுபட்டாக் கொறைய. பகல்ல உங்கட லோ, லோ இல்ல."

"மறுகா என்ன?"

"ஹையும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல."

"நடுவில ஒண்டு கட்டையில இல்லையேடா."

"கட்டையில இல்லாட்டி என்ன, கம்பியில இருக்குமே!"

பைத்தியம். ஆனாலும் ஸ்டோர்ஸிலிருந்து ஒரு பழைய தெர்மோமீற்றர் எடுத்து வந்தேன். பதிவில் "உடைந்தது" என்று கிடக்கும் சாமான். உடையவில்லை.

ஆனி 21, சனி

நேற்று வெள்ளி, மரக்கறி. பருப்பும் பூசணியும் லோவில் வைத்துப் போனேன். பூசணி என்று ஒன்று இருந்ததற்கு விதை மட்டும் சாட்சி.

காலை மெல்பேணுக்கு அழைத்தேன். நிலா எடுத்தாள். முகத்தைக் காட்டவில்லை, கூரையைக் காட்டினாள். பேரப்பிள்ளை நித்திரை என்றாள். சா. கடைக்குப் போயிருக்கிறாளாம்.

"அம்மா முப்பதாம் திகதி எத்தினை மணிக்கு வந்து இறங்குவா? வான் பிடிக்க வேணும்."

"அம்மா சொல்லுவாப்பா."

"டிக்கெட்டில இருக்குமே."

"அம்மா சொல்லுவா."

சட்டென்று வைத்துவிட்டாள்.

ஆனி 22, ஞாயிறு

பரிசோதனை நாள். வீட்டிலேயே நின்றேன். நேற்று மத்தியானத்திலிருந்து தண்ணீர் மட்டும்: ஒரு தடவை லோ, ஒரு தடவை ஹை, தெர்மோமீற்றர் போட்டு. கண்டது: இரண்டும் கடைசியில் ஏறக்குறைய ஒரே சூட்டுக்குத்தான் போய்ச் சேர்கிறது. ஹை கெதியாகப் போகிறது, லோ ஆறுதலாகப் போகிறது. வித்தியாசம் போகிற நேரத்தில்தான். அதனால்தான் ஹை ஒன்றுக்கு லோ இரண்டு என்கிற கணக்கு. நஜீமின் கம்பி விளக்கம் குப்பையில்.

இன்று காலை கோழி, லோ. மூன்று தரம் திறந்து பார்த்தேன். திறக்கக்கூடாது என்று தெரியும். வீட்டில் அசைகிற சாமான் அது ஒன்றுதான், அதையும் பார்க்காமல் எதைப் பார்ப்பது?

மச்சாள் வேலிக்கு மேலால்: "என்ன மச்சான், இண்டைக்கு முழுக்கக் குசினிக்குள்ளயே நிக்கிறீங்க? வெளிய போகல்லையா?"

"இல்ல."

"ஓ." முகம் சரியில்லை. ஏதோ அலுவல் கெட்டுப்போனவர் மாதிரி உள்ளே போய்விட்டார்.

கறி நன்றாக வந்தது! துண்டு துண்டாக, எலும்போடு ஒட்டி. மூடி திறந்த நேரத்தைக் கழித்தாலும் சரியான லோ கணக்கு.

ஆனி 23, திங்கள்

அதே கோழி. அதே அளவு. அதே லோ. மாலை வந்தால் கூழ்.

இது என்ன பேய் வேலை? ஞாயிறு சரியாக வருகிறது, வேலைநாளில் கரைகிறது. சட்டிக்கும் வாரநாள் தெரியுமா?

ஆனி 24, செவ்வாய்

சமைக்கவில்லை. பாண், வாழைப்பழம், தயிர். குறுஞ்செய்தி போட்டேன்: "வான் எத்தனை மணிக்கு?" இரண்டு நீலச் சரி விழுந்தது. பதில் இல்லை.

கொழும்பு போய்வர வான்காரன் முற்பணம் கேட்கிறான். "நாளை சொல்கிறேன்" என்றேன். மூன்றாவது நாளை.

ஆனி 25, புதன்

எழுதித் தீர்க்கிறேன்.

கோழியை லோவில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பல்வலி. பத்து மணிக்கு நஜீம், "வீட்ட போங்க அண்ணன், உங்கட மூஞ்சப் பாக்கேலாம இருக்கு" என்று பிடித்துத் தள்ளிவிட்டான். வீட்டுக்கு வரும்போது பதினொன்று கழிந்திருக்கும். குசினிக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பேச்சுச் சத்தம். சா.வின் குரல்.

சா.வின் குரல்! என் வீட்டுக் குசினிக்குள். ஒரு கணம் வந்துவிட்டாள் என்றே நினைத்தேன். செருப்பைக் கூடக் கழற்றாமல் ஓடினேன். வாசற்படியிலே நின்றுவிட்டேன்.

மச்சாள். கையில் மூடி. உப்புப் போத்தலில் சாய்த்து வைத்த போன், அதற்குள் சா. மச்சாளிடம் எங்கள் வீட்டுக் கதவின் மற்றத் திறப்பு எப்போதும் உண்டு, அதை நான் மறந்தே போனேன்.

"சரியாத் தூக்கிக் காட்டுங்கக்கா, பாப்பம்."

"இந்தா பாரு புள்ள. இது கொதிக்கவே இல்ல. கோழி சும்மா சுடுதண்ணிக்குள்ள படுத்துக் கிடக்கு. இதத் திண்டா மனிசன் வயித்தால போய்க் கிடப்பார்."

"ஹைக்கு விடுங்க. மறுகா நாலு மணிக்கு வந்து லோவுக்குக் கிறுக்கி விடுங்க. தெரிஞ்சா அவருக்கு ரோசம் வந்திரும்."

மச்சாள் கட்டையைத் திருப்பினார். டக்.

"அது கிடக்கட்டும். நீ எப்ப அவருக்குச் சொல்லப்போறாய்?"

"என்னத்தையக்கா?"

"மார்கழி மட்டும் நிக்கப்போறதை."

சா. மெல்ல: "நிலா இண்டைக்கும் பிள்ளையத் தூக்கல்லக்கா. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுறாள். டொக்டர் குளிசை குடுத்திருக்கார். இப்பிடி விட்டுட்டு எப்பிடி வாறது? அவருக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டும் தெரியல்ல."

நான் உள்ளே போனேன். மச்சாளின் கையிலிருந்து மூடி நழுவிச் சட்டியில் விழுந்தது. உடையவில்லை.

"திறப்பைத் தாங்க."

"மச்சான்..."

"திறப்பைத் தாங்க மச்சாள். நான் இல்லாத நேரம் இஞ்ச ஒருத்தரும் வரத் தேவையில்ல."

"என்ட தங்கச்சிட வீட்டுக்கு..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதுதான் சுட்டது. சேலைத் தலைப்பு முடிச்சிலிருந்து திறப்பை அவிழ்த்து மூடியின் மேல் வைத்துவிட்டு வேலியில் ஆள் நுழைகிற பொட்டால் போய்விட்டார். போனுக்குள் சா. "அக்கா? அக்கா, ஆரது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மச்சாள் போனை மறந்துவிட்டுப் போயிருந்தார். நான் அதைக் கவிழ்த்து வைத்தேன்.

பின்னேரம் போனை வேலியில் வைத்தேன். யாரோ எடுத்துப் போனார்கள்.

கணக்கு இப்போது விளங்குகிறது. நான் வைத்த லோவில் நாலு. மச்சாளின் ஹையில் ஐந்து, அது லோவுக்குப் பத்து. கடைசி ஒன்று மறுபடி லோ. எல்லாமாக லோ பதினைந்து. கோழி என்ன செய்யும், பாவம்.

மார்கழி. அக்காவுக்குத் தெரியும். நிலாவுக்குத் தெரியும். என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

ஆனி 26, வியாழன்

கோழி, லோ. கதவைப் பூட்டி இரண்டு திறப்பையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

மாலை வந்தேன். திறந்தேன். அருமை. குழம்பு தெளிவாக, துண்டு முழுசாக, கரண்டி பட்டால் மட்டும் விட்டுக்கொடுக்கிற பதம். முதற்பால் விட்டேன். திரையவில்லை. வேலைநாளில் முதல் தடவை சரியாக வந்த கறி.

காலையில் நான் பூட்டிய மாதிரியே வீடு. பேப்பர் படியில் கிடந்தது. கொடியில் காயப்போட்ட சாரமும் சட்டையும் கச்சானுக்குப் பறந்து வேலி முள்ளில். இத்தனை நாளும் அதை எடுத்து மடித்துக் கதிரையில் வைத்தது யார் என்று இன்றைக்குத்தான் யோசித்தேன். நானே எடுத்து வைக்கிறேன் என்று எப்படி நினைத்தேனோ!

இரண்டு துண்டு சாப்பிட்டேன். மூன்றாவது இறங்கவில்லை. நல்ல கறி என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆளில்லை. சட்டியை வார்முக்குத் திருப்பினேன். யாருக்காக என்று தெரியாது.

ஆனி 27, வெள்ளி

சா. இரண்டு தரம் அழைத்தாள். எடுக்கவில்லை. வான்காரனும் அழைத்தான். அவனுக்கு எடுத்து "வேண்டாம்" என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. அது ஒரு நிம்மதி.

மச்சாள் வீட்டில் தாளிக்கிற வாசம். வேலிப் பக்கம் ஆள் வரவில்லை.

ஆனி 28, சனி

விடிய எழும்பி நானே அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் பிள்ளை அழுகிறது. அவள் தோளில் ஒரு துவாய். மெலிந்துபோயிருக்கிறாள்.

"கோபமா?"

"ஓம்."

"சொல்லணும் எண்டுதான் இருந்தன்."

"அக்காவுக்குச் சொல்லலாம். கட்டையக் கிறுக்கச் சொல்லலாம். எனக்குச் சொல்ல வாய் வரல்ல."

"உங்களுக்குச் சொன்னா நீங்க 'சரி' எண்டு சொல்லிருவீங்க." அழத் தொடங்கிவிட்டாள். "எதுக்கும் சரி எண்டுதானே சொல்லுவீங்க. விமான நிலையத்திலயும் 'சரி, போட்டு வா' எண்டுதான் சொன்னீங்க. நான் இல்லாட்டியும் உங்களுக்குச் சரி எண்டு கேக்க எனக்கு ஏலாது. அதுதான் சொல்லல்ல."

சட்டியைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன். பிறகு வந்துவிட்டது.

"சரியில்ல சாந்தி. எனக்கு இஞ்ச தனிய இருக்க ஏலாமக் கிடக்கு. பொழுதுபட்டா வீட்டுக்கு வரப் பிடிக்கல்ல."

கல்யாணம் முடித்த நாளிலிருந்து இப்படி ஒரு வசனம் நான் சொன்னதில்லை. அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"நிலாவ விட்டுட்டு வாறன். நாளைக்கு மறுநாள்தானே டிக்கெட். இன்னும் மாத்தல்ல."

மாற்றவில்லையாம். முப்பதாம் திகதி டிக்கெட் இன்னும் உயிரோடு கிடக்கிறது. வா என்று ஒரு சொல். வான் கூடப் பிடிக்கலாம். நாக்கின் நுனியில் நின்றது.

"நிலாட முகத்தைக் காட்டு" என்றேன்.

அறைக்குள் போனாள். கட்டிலில் என் மகள், சுவரைப் பார்த்தபடி. தலை சீவி எத்தனை நாளோ. "அப்பா கதைக்கிறார் மனே" என்றாள் சா. நிலா திரும்பவில்லை. கையை மட்டும் கொஞ்சம் தூக்கினாள்.

"மார்கழி மட்டும் நில்லு."

"சரியில்ல எண்டீங்க."

"சரியில்லதான். நில்லு."

அவள் துவாயால் முகத்தைத் துடைத்துவிட்டு, "வியாழக்கிழமை கோழி எப்பிடி வந்திச்சி?" என்று கேட்டாள்.

"நல்லா வந்தது."

"மறுகா என்னத்துக்கு அழுறீங்க?"

"ஆர் அழுறது?" என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு.

ஆனி 29, ஞாயிறு

நஜீமுக்கு அழைத்தேன். "லோவில பதினைஞ்சு மணித்தியாலம் கிடந்தாலும் தாங்குற இறைச்சி என்னடா?"

"ஏன் அண்ணன், ஆரும் பகையாளிக்கா?"

"சொல்லு."

"ஆட்டுக்கால் வாங்குங்க. அத நீங்க என்ன செஞ்சாலும் கோவிக்காது."

காத்தான்குடியில் வாங்கினேன். வாட்டி, சுரண்டி, வெட்டித் தந்தார்கள்.

பின்னேரம் வேலிப் பொட்டால் நானே போனேன். இத்தனை வருசத்தில் சா. இல்லாமல் அந்தப் பொட்டால் போனதில்லை. மச்சாள் வாசலில் குந்தியிருந்து சுளகில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மச்சாள், நாளைக்கு ஆட்டுக்கால் வைக்கப்போறன்."

"வையுங்க. எனக்கென்ன?"

"லோவில வைச்சிட்டுப் போவன்."

"உங்கட பெட்டிய நான் தொடமாட்டன் மச்சான். பயப்படாதீங்க."

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வாங்கத்தான் வேண்டும். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் வெட்கமாகப் போயிருக்கும். திறப்பை எடுத்துச் சுளகில், இலைக்கு மேல் வைத்தேன். அவர் அதை எடுக்கவுமில்லை, திருப்பித் தரவுமில்லை. கொஞ்ச நேரம் இலை உருவினார். பிறகு சுளகோடு எழும்பி உள்ளே போய்விட்டார்.

ஆனி 30, திங்கள்

டிக்கெட் நாள். கச்சான் ஓயவில்லை.

ஆறரைக்கு வைத்தேன். ஆட்டுக்கால், வெங்காயம், உள்ளி, மிளகு, மல்லி, தண்ணீர் மற்ற நாளைவிட ஒன்றரை மடங்கு. லோ நாலு, ஹை ஐந்து, லோ ஒன்று என்று கணக்குப் போட்டுத்தான். மச்சாள் வராவிட்டால் லோ பத்து மட்டும். கால் விறைப்பாகக் கிடக்கும், பல் போகும். போகட்டும் என்று கட்டையை லோவில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

நாள் முழுக்க ஸ்டோர்ஸில் பெட்டி எண்ணினேன், பிழையாக எண்ணினேன். அவள் வந்து இறங்கியிருக்க வேண்டிய நேரத்தில் நஜீம் ஒரு பிளேன்டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

ஐந்து மணி. வீடு. கதவு பூட்டியிருந்தது. கொடியில் உடுப்பில்லை. உள்ளே கதிரையில் சாரம் மடித்தபடி.

குசினிக்குள் வாசம். கட்டை லோவில்தான் நிற்கிறது, காலையில் நான் விட்ட மாதிரியே. மூடியைத் தூக்கினேன். கால் தொட்டதும் எலும்பை விட்டு வந்தது. மேலே நீளமாக ஒரு றம்பை இலை, இன்னும் பச்சை மாறாமல்.

நான் றம்பை போடவில்லை.